வெயில் படக் கூடாத முகம்

ஏப்ரல் 30, செவ்வாய்

பள்ளிக்கு இன்றுதான் கடைசி நாள். எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டை ஒப்படைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன். வியாழக்கிழமை மதுரையில் எனக்கு லேசர். கன்னத்துக் குழிகளுக்கு. பதினாறு வயதில் வர ஆரம்பித்த பரு இருபத்தாறில் நின்றது. குழிகள் மட்டும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். அத்தை நாளைக் காலையில் பல்லடத்துக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். என் கணவர் தண்டபாணி (டைரியிலாவது பெயரை எழுதிக்கொள்கிறேன்) மஸ்கட்டிலிருந்து 25-ம் தேதி லீவில் வருகிறார். அதற்கு முந்தின நாள்தான் அத்தை திரும்புவார். நடுவில் வீடு முழுக்க எனக்கே. இதைவிட நல்ல நேரம் அமையாது.

யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு கேள்வி வரும். இது எனக்காக நானே செய்துகொள்வது. அந்த எட்டாம் வகுப்புப் பிசாசுகள் கரும்பலகையில் ‘பணியாரச் சட்டி மிஸ்’ என்று எழுதியதற்காக இல்லை. அதைப் போனில் சொன்னபோது தண்டபாணி விழுந்து விழுந்து சிரித்ததற்காகவும் இல்லை. அவர் சிரித்தது பிள்ளைகளின் குறும்பை நினைத்து. நானும்தான் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மே 2, வியாழன்

முடிந்தது. கார் பிடித்து, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

டாக்டர் ஷெரினுக்கு என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும். அப்படிப்பட்டவளிடம் போய் முகத்தைக் காட்டுவதே எனக்கு எரிச்சலாக இருந்தது. மரத்துப்போகிற களிம்பைத் தடவி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு மூடி போட்டார்கள். அப்புறம் டிக் டிக் என்று சத்தம். சூடான குண்டூசிகளை வரிசையாகக் குத்திக்கொண்டே போகிற மாதிரி இருந்தது. கோழியை நெருப்பில் வாட்டும்போது வருமே, அந்த வாசனை. அது என் தோல்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியில் விரல்கள் வலித்தன.

“இன்னைக்குச் செவந்திருக்கும். நாளைக்கு, நாளான்னைக்கு வீங்கும். அப்புறம் காப்பித்தூள் தூவுன மாதிரி புள்ளி புள்ளியாக் கறுக்கும். அது தானா உதிரணும். பிச்சீங்கன்னா தழும்புதான். மஞ்சள், கடலை மாவு, வீட்டு வைத்தியம் எதுவும் மூஞ்சிகிட்ட வரக் கூடாது. முக்கியமா வெயில். நம்ம தோலு புதுசா வரும்போது வெயில் பட்டுச்சுன்னா கறுப்புப் புடிச்சுக்கும், லேசுல போகாது. நீங்க மார்கழியில வந்திருக்கலாம் மேடம்.”

“மார்கழியில எனக்கு யாரு டாக்டர் லீவு தருவா?”

“ஒரே தடவையில மொழுமொழுன்னு ஆயிராது, சொல்லிட்டேன். பாதி நிரம்புனாலே நல்ல பலன். இன்னும் ரெண்டு மூணு தடவை வரணும்.”

பாதி போதும். பாதி நிரம்பினால் போனில் விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.

மே 3, வெள்ளி

கண்ணாடி பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மே 4, சனி

கண் இரண்டும் கோடாகிவிட்டன. தலையணை இரண்டை அடுக்கிச் சாய்ந்தே கிடக்கிறேன். களிம்பு, மாத்திரை, மறுபடி களிம்பு. முகம் எண்ணெய்ச் சட்டியாகப் பளபளக்கிறது. நீர் மாதிரி ஏதோ கசிகிறது. டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். ‘வெரி நார்மல்’ என்று பதில் வந்தது. அவளுக்கென்ன, நார்மல்.

தண்டபாணி வீடியோ காலில் வந்தார். கேமரா ரிப்பேர் என்றேன். சரி என்றார். என்ன ஆயிற்று, கடையில் கொடுத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வசதிதான்.

மே 6, திங்கள்

என் தலையில் கல் விழுந்துவிட்டது.

காலையில் கதவு தட்டினார்கள். கேஸ் சிலிண்டர் என்று நினைத்து, முக்காடுகூடப் போடாமல் திறந்துவிட்டேன். பையோடு அத்தை நிற்கிறார்.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு நாளைக்குச் சாட்டு, திருவிழா அறிவிப்பு. எப்போதும் வைகாசிக் கடைசியில் வைப்பார்கள், இந்த வருஷம் முன்னால் வைத்துவிட்டார்களாம். சாட்டிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்துவிட வேண்டும். நோட்டீஸ் தேரடியில் ஒட்டியிருந்ததாம். அந்தத் தேரடி வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போனேன். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தேனா? மதுரையில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாட்டாவது ஒன்றாவது என்ற எண்ணம்தான்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார். வீக்கம் வடிந்து, கன்னமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார்.

“ஆத்தா! வந்துட்டியா தாயே! சாட்டுறதுக்கு முன்னாடியே என் வீட்டுக்கு வந்துட்டியா!”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அதற்குள் அவர் வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார்.

மே 7, செவ்வாய்

வாசலில் வேப்பிலைக் கொத்து. என் படுக்கையைச் சுற்றியும் வேப்பிலை. வீட்டில் தாளிப்பு இல்லை, சீயக்காய் இல்லை, சீப்பு இல்லை. காலையில் கம்மங்கூழ், மதியம் உப்பில்லாத தயிர்ச்சோறு, நடுவில் இளநீர். அம்மை என்ற வார்த்தையைக்கூடச் சொல்லக் கூடாதாம். “முத்துப் போட்டிருக்கா” என்றுதான் சொல்ல வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு வகையில் நல்லதுதான். யாரும் பார்க்க வர மாட்டார்கள். வெளியே போக வேண்டியதில்லை. வெயில் எட்டிப் பார்க்காது. லேசருக்கு இதைவிடப் பத்தியம் யாரால் இருக்க முடியும்? ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். அதன் பிறகு யாருக்கு என்ன தெரியப்போகிறது?

களிம்பை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறேன்.

மே 8, புதன்

இன்று செய்ததை எழுதக் கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அம்மியில் வேப்பிலையும் பச்சை மஞ்சளும் அரைத்து, ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்தார் அத்தை. முகத்தில் பூச வேண்டுமாம்.

“வேண்டாம் அத்தை.”

“குளுகுளுன்னு இருக்கும்த்தா. அரிப்பு அடங்கும். மூஞ்சியக் காட்டு.”

“எரியும் அத்தை.”

“ஆத்தா மருந்து எரியுமாக்கும்! காட்டுத்தா.”

விரலில் விழுதை எடுத்துவிட்டார். கன்னத்துக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அந்த மஞ்சள் புண்ணில் ஏறினால் தோல் என்ன கதியாகும் என்று எனக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அத்தை! கனாவுல ஆத்தா வந்தா. மூஞ்சியில மஞ்ச பூசாதேன்னு சொன்னா.”

அவர் கை அப்படியே நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

“உன்கிட்டப் பேசுனாளா?”

“ம்.”

“எப்படி வந்தா? என்ன சேலை?”

“பச்சை.” சொல்லிவிட்டேன். இனிமேல் நிறுத்த முடியாது.

“மஞ்ச வேண்டாம்னாளா… அப்ப வேற என்னமோ கேக்குறா. சும்மா வர மாட்டா.” பிறகு எழுந்து, சாமி படத்துக்கு முன்னால் போய்ச் சத்தமாகச் சொன்னார். “தாயே, இவ முகத்துல ஒரு வடு இல்லாம எறக்கிக் குடு. நான் உனக்குத் தீச்சட்டி எடுக்குறேன்.”

அத்தைக்குச் சர்க்கரை. இடது கால் சுண்டுவிரலைப் போன வருஷம்தான் எடுத்தார்கள். வீட்டுக்குள்ளேயே செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, இன்னொரு புண் வந்தால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று திண்டுக்கல் டாக்டர் என்னைப் பக்கத்தில் நிறுத்தித்தான் சொன்னார். தீச்சட்டி எடுப்பவர்கள் ஊருணிக்கரையிலிருந்து கோயில் வரை வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்க வேண்டும். மே மாதத்தில்.

மே 10, வெள்ளி

கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. இனி யாரும் அவிழ்க்க முடியாது.

பக்கத்து வீட்டுக் குருவம்மாக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கொசு முட்டைகூடத் தப்பாது.

“ஏன் சித்தி, முத்து கன்னத்துல மட்டும் போட்டிருக்கு? கை காலு எல்லாம் வெள்ளையாக் கெடக்கு?”

நான் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

“அதுவும் பாருங்க, புள்ளிக்கோலம் வச்ச மாதிரி வரிசையா இருக்கு. எங்க வீட்டுலயும் மூணு பேத்துக்கு வந்துருக்கு, இப்படிக் கண்டதில்லையே.”

அத்தை பிடித்துக்கொண்டார். “ஆத்தாள நோட்டம் பாக்குறியாடி? அவ வரிசையாப் போடுவா, வட்டமாப் போடுவா, உன்கிட்டக் கேட்டுட்டா போடணும்? போடி அங்கிட்டு!”

எனக்காக அவர் சண்டை போட்டது இதுதான் முதல் தடவை. நான் போர்வையை முகம் வரை இழுத்து மூடிக்கொண்டேன்.

மே 12, ஞாயிறு

உதிர்ந்துவிட்டது! தோல் இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் உள்ளங்கால் மாதிரி இருக்கிறது. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன். குழிகள் போய்விடவில்லை, ஆனால் மேடேறியிருக்கின்றன. நிஜமாகவே மேடேறியிருக்கின்றன. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வெளியே அத்தை செருப்பில்லாமல் முற்றத்தில் நடந்து பழகிக்கொண்டிருக்கிறார்.

மே 13, திங்கள்

தண்டபாணியிடம் பேசினேன். முத்துப் போட்டதையும் வேண்டுதலையும் அத்தை அவரிடம் முன்பே சொல்லியிருந்தார். மகன் சொன்னால் அத்தை கேட்பார் என்று ஒரு நம்பிக்கை.

“நீங்க சொல்லுங்க. அவங்க காலு இருக்குற நெலமைக்குத் தீச்சட்டி ஆகுமா?”

“சாமிக்கு வேண்டிக்கிட்டதை நான் எப்படிச் சுபா தடுக்குறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையச் சொல்லவா? உனக்காகத்தான வேண்டிருக்காங்க.”

“எனக்குத்தான் சரியாயிருச்சே.”

“அதான் வேண்டுதலு பலிச்சிருச்சுல்ல. அப்புறம் எப்படி விட முடியும்? நீ மூஞ்சியப் பாத்துக்க. தழும்பு கிழும்பு விழுந்துறப் போகுது. ஏற்கெனவே…”

ஏற்கெனவே என்பதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. மஸ்கட்டில் நெட் சரியில்லை போலிருக்கிறது. நான் கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

மே 15, புதன்

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார் அத்தை. வெயிலில் வைத்துச் சூடான தண்ணீர், மேலே வேப்பிலை மிதக்கிறது. நல்லவேளை, மஞ்சள் போடவில்லை. ‘ஆத்தா வேண்டாம்னுட்டாளே.’ இரண்டு சொம்பு ஊற்றினார். மூன்றாவது சொம்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் சொம்பைப் பிடித்தபடி அழுதுகொண்டிருக்கிறார்.

“என் பெரியவளுக்கு இந்தத் தண்ணி ஊத்தக் குடுத்து வைக்கலத்தா. அஞ்சு வயசு. முத்து எறங்குறதுக்குள்ள காய்ச்சல் தலைக்கேறிப் போயிட்டா. அன்னைக்கு நான் ஆத்தாளுக்கு ஒண்ணும் வேண்டிக்கிடல. ஆசுபத்திரி ஆசுபத்திரின்னு ஓடுனேன். இந்தவாட்டி விடுவேனா?”

கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தச் சின்னப் பெண்ணின் போட்டோவை நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துடைக்கிறேன். எப்படிச் செத்தாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஈரத் தலையோடு உள்ளே வந்து களிம்பு போட்டுக்கொண்டேன்.

மே 18, சனி

சொல்லவில்லை.

மே 19, ஞாயிறு

அத்தைக்குச் சாப்பாடு ஒரு வேளைதான். சர்க்கரை மாத்திரையையும் விரதம் என்று ஒதுக்கிவைக்கப் பார்த்தார். சண்டை போட்டு விழுங்க வைத்தேன். உள்ளங்காலைப் பார்த்தேன். பாதத்தில் உணர்ச்சி குறைவு. ஊசி முனையால் தொட்டால் தெரியவில்லை. நெருப்பு பட்டாலும் தெரியாது.

சொன்னால் என்ன ஆகும்? வீட்டை விட்டுத் துரத்துவாரா? தண்டபாணி என்ன சொல்வார்? ஊர் சிரிக்கும். குருவம்மாக்கா தேரடியில் நின்று கதை சொல்வாள். சொல்லாவிட்டால் அந்தக் கால் போகும்.

மே 20, திங்கள்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம், மறுநாளைக்கு மஞ்சள் சேலையை மடித்துவைத்துக்கொண்டிருந்தார். அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து களிம்பை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். லேசர், மதுரை, டாக்டர், வெயில் படக் கூடாது என்றது, கனவு, பச்சைச் சேலை எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் கணக்கு விளக்குகிற மாதிரி நிறுத்தாமல் சொல்லி முடித்தேன். நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

“காசு குடுத்தா மூஞ்சியச் சுட்டுக்கிட்ட?”

“ஆமா அத்தை.”

“முத்து போடலையா?”

“இல்லை.”

“கனாவு?”

“பொய்.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். என் கன்னத்தை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவன் ஏதாச்சும் சொன்னானா?”

“இல்லை அத்தை. எனக்காகத்தான்.”

“ஓகோ.” அந்த ஓகோவில் அவர் மகனை எனக்கு முன்னாலிருந்தே அறிந்தவர் என்பது தெரிந்தது.

“நாளைக்கு எடுக்க வேண்டாம் அத்தை. ஆத்தா ஒண்ணும் கேக்கல. நான்தான் கேட்டதாச் சொன்னேன். உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்.”

“காலத் தொடாத.” குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீ சொன்னது பொய்யி. நான் வேண்டுனது பொய்யில்ல. உன் மூஞ்சியில வடு விழக் கூடாதுன்னு வாய் தொறந்து கேட்டேன். குடுத்துட்டா. வாங்கிக்கிட்டு, சும்மாதான் கேட்டேன்னு சொல்லுவாகளா? இனிமே என்கிட்டப் பேசாத.”

மே 21, செவ்வாய்

விடியலில் எடுப்பதாகச் சொன்னார்கள். கூட்டம், மேளம், அருள் வந்து ஆடுகிறவர்கள் எல்லாம் முடிந்து அத்தை கையில் சட்டி வரும்போது உச்சி வெயில். கை நிறைய வேப்பிலை, அதன் மேல் எரிகிற சட்டி. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேற்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நான் முக்காடு, குடை, பூசுகிற கிரீம் எல்லாவற்றோடும்தான் போனேன். ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற லாரி ஒன்று முன்னால் போயிற்று. ஆனால் இரண்டு பேர் நடந்து முடிப்பதற்குள் தார் காய்ந்துவிடுகிறது. அத்தையின் கால் அந்தத் தாரில் படுவதைப் பார்த்தேன். அவருக்குச் சூடே தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஒரு வீட்டு வாசலில் குடத்தில் தண்ணீர் இருந்தது. குடையைப் போட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அத்தைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, அவர் அடியெடுத்து வைக்கிற இடத்தில் ஊற்றினேன். தீர்ந்ததும் அடுத்த வீட்டுக் குடம். பிறகு அதற்கடுத்த வீடு. கேட்டவர்கள் கொடுத்தார்கள், கேட்காமலும் எடுத்தேன். முக்காடு எங்கே விழுந்ததோ தெரியாது. வியர்வையில் கிரீம் வழிந்து கண்ணில் எரிந்தது. கன்னம் இரண்டும் தகதகவென்று காந்தின. டாக்டர் ஷெரின் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். எல்லாம் தெரிந்துதான் ஊற்றினேன். ஒரு அடிகூடக் காய்ந்த இடத்தில் வைக்க விடவில்லை, கொடிமரத்துத் திருப்பம் தவிர. அங்கே மட்டும் குடம் கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

கோயில் வாசலில் சட்டியை இறக்கினார்கள். அத்தை தள்ளாடினார். தாங்கிப் பிடித்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். பார்த்தவர் தன் மஞ்சள் சேலையின் ஈர முந்தானையை இழுத்து என் தலையோடு முகத்தையும் சேர்த்து மூடினார்.

“வெயில் படக் கூடாதுன்னுல்லடி சொன்னே, கூறுகெட்டவளே.”

மே 23, வியாழன்

இடது குதிகாலில் ஒரு கொப்புளம். அந்தத் திருப்பத்தில் வந்ததுதான். நேற்றே திண்டுக்கல் கூட்டிப் போனேன். ஆழமில்லை, தினமும் கட்டுப் போட வேண்டும், பத்து நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். என் கன்னத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு இறங்கிவிட்டது. ஷெரினுக்குப் போட்டோ அனுப்பினேன். இந்தத் தடவை ‘வெரி நார்மல்’ வரவில்லை.

சாயங்காலம் அத்தையின் காலை மடியில் வைத்து மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது தண்டபாணி வீடியோ காலில் வந்தார். நாளை மறுநாள் விமானம். குஷியாக இருந்தார்.

“எங்க, மூஞ்சியக் காட்டு. தழும்பு விழுந்துருக்கான்னு பாப்போம்.”

விளக்கு எனக்கு நேர் எதிரே எரிந்தது. போனைத் திருப்பி, கட்டுப் பிரித்த அந்தக் காலை அவருக்குக் காட்டினேன். அவர் எதுவோ கேட்க வாயெடுத்தார். நான் விடவில்லை.

“எனக்கு அம்மை வரலைங்க. பணியாரச் சட்டின்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்கல்ல? அதுக்காக லேசர் வச்சு மூஞ்சியச் சுட்டுக்கிட்டேன். அதை மறைக்கப் பொய் சொன்னேன். அதுக்கு உங்கம்மா நடந்த கால் இது. நல்லாப் பாருங்க.”

இணைப்பு துண்டிக்கப்படவில்லை, அவர் முகம் திரையில் இருந்தது. அத்தை காலை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. போனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்படி கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.

நான் பஞ்சை எடுத்து மீதி மருந்தையும் போட்டு முடித்தேன்.